துணைக்கு ஆறு பேர்

பெரியவர் பொது வார்டில் கிடந்த நான்கு நாளும், நர்ஸான என் கண்ணில் சொந்தக்காரர் ஒருவர்கூடப் படவில்லை. துணைக்கு இருப்பவர் உட்கார ஸ்டூல்தான் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வேலை வந்துவிட்டது.

அவருடைய இன்சூரன்ஸில் ஏசி தனி அறையே உண்டு என்று நேற்று தெரிந்து, அவரை அங்கே மாற்றினோம். உடனே பாசம் பொத்துக்கொண்டு வந்தது. மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள்.

இன்று மதியம் உள்ளே போனேன். டிவி அலறியது. மகன் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"துணைக்கு ஒருத்தர்தான் இருக்கலாம்" என்றேன்.

"இன்சூரன்ஸ்காரன் கட்டுறான், உங்களுக்கென்ன சிஸ்டர்? ஏசியைக் கூட்டி வைங்க."

"அப்பாவுக்குக் குளிருமே?"

"அவர் போர்த்திக்கிட்டு நல்லாத் தூங்குறார். எழுப்பிடாதீங்க."

கட்டிலில் இருந்த போர்வையை விலக்கினேன். மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்.

"அப்பா பாத்ரூம்ல இருப்பார்" என்றாள் மகள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காலைல எட்டு மணிக்கே எழுதிக் கொடுத்துட்டு பொது வார்டுக்குத் திரும்பிட்டார். அங்கேதான் படுக்க இடம் இருக்காம்" என்றேன்.

மகன் கொட்டாவி விட்டார். "சரி, அவர் இஷ்டம். நாங்க சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கலாம்ல?"

"தாராளமா இருங்க. இன்சூரன்ஸ் அவர்கூடவே போயிடுச்சு. துணைக்கு இருக்கறவர்னு நேத்து கையெழுத்துப் போட்டது நீங்கதானே? எட்டு மணியிலேர்ந்து ரூம் வாடகை உங்க பேர்லதான் ஓடுது."