ஜோடி மாறிய ஃப்ளாஷ்

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ். அந்த லட்சணத்துல இருக்கு நீங்க சேர்த்த ஜோடி!"

மனைவி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கணவர் குளியலறையில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். தொட்டி நிறைய தண்ணீர். உள்ளே வெளிச்சத்தின் நிறம் பார்க்க ஒரு வெள்ளைத் தட்டு. தட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கேமரா ஃப்ளாஷ், அந்தப் பக்கம் வேறு கம்பெனி ஃப்ளாஷ்.

கடலுக்கடியில் படம் எடுப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. அவர் கேமராவைப் பிடிப்பார். அவள் கூடவே முங்கி மீனைத் தேடிக் காட்டுவாள்.

போன மாதம் பழைய ஜோடியில் ஒன்றுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த மாடல் இப்போது வருவதில்லை. கிடைத்ததை வாங்கி ஜோடி சேர்த்தார். பழசு மஞ்சளாக அடித்தது, புதுசு வெள்ளையாக அடித்தது.

அட்டைப்படத்துக்கு அனுப்பிய மீன் திரும்பி வந்துவிட்டது. 'பாதி மீனுக்கு மட்டும் மஞ்சள் காமாலையா?' என்று பத்திரிகையில் கேட்டார்கள். நாளைக்கும் சொதப்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"புதுசைக் கொஞ்சம் குறைச்சு வெச்சு, முன்னாடி இந்த மஞ்சள் தாளை ஒட்டிட்டா ரெண்டும் ஒத்துப்போயிடும்மா."

"கிழிச்சுது! அன்னிக்குப் படகுல ஆளுக்கு ஒரு ஃப்ளாஷுக்கு பேட்டரி போட்டு மூடினோம். நான் மூடினது இதோ குத்துக்கல்லாட்டம் இருக்கு. நீங்க மூடினதுதான் போச்சு."

"ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்துச்சு. யார் எதை மூடினோம்னு..."

"எனக்குத் தெரியாதா? அவசரக்குடுக்கைன்னு படகுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"கேட்டேன், கேட்டேன்." அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "சரி, என் தப்புதான். விடேன்."

"எப்படி விடறது? தண்ணி புகுந்ததை நீங்க கொடுத்த ரிப்பேர்க் கடைக்கு நானே போறேன். கையில கால்ல விழுந்தாவது அதைச் சரி பண்ணி வாங்கிட்டு வரேன்."

அவர் சட்டென்று எழுந்தார். "அங்க மட்டும் போகாதே."

"ஏன், குட்டு உடைஞ்சிடுமா?"

அவர் மறுபடி தொட்டிப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைக்காரர் அலமாரியிலிருந்து செத்த ஃப்ளாஷை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உள்ள மொத்தமா உப்பு அரிச்சிடுச்சு மேடம். இதை யாராலும் எழுப்ப முடியாது."

"எங்க வீட்டுக்காரர் சரியா மூடலை. அதானே?"

"மூடி நல்லாத்தான் இறுகியிருக்கு. ஆனா ரப்பர் வளையத்துல ஒரு முடி சிக்கியிருக்கு. இது ஒண்ணு போதும், கடல் உள்ள வந்துடும்."

இடுக்கியால் எடுத்துத் தூக்கிக் காட்டினார். கருகருவென்று ஒரு முழ நீளத்துக்குத் தொங்கியது.

அவள் கை தானாகப் பின்னலுக்குப் போனது.

"இது... அவருக்குத் தெரியுமா?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"யாரோடதுன்னு அன்னிக்கே கேட்டேன் மேடம். 'என் முடிதான்'னு தலையைத் தடவிக்கிட்டே சொன்னார்."