பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

உடையவர்கள் தங்கள் அடிமையை நாலு பேர் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தக் கணமே விடுதலை. சட்டம் அப்படி. அதனால் நாச்சியார் வீட்டில் அடிமைகள் எல்லோரும் ‘ஏய்’தான்.

ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம். நாச்சியாரின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அடிமைப்பெண் படித்துறையில் இறங்கிக்கொண்டே போனாள்.

“ஏய், நில்லு” என்றாள் நாச்சியார்.

கரையிலிருந்த அடிமைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் இறங்கியபடியே திரும்பிக் கேட்டாள்.

“யாரைச் சொல்றீங்க, நாச்சியார்?”

தண்ணீர் குழந்தையின் பாதத்தைத் தொட்டது. நாச்சியாருக்கு அவள் பெயர் தெரியும். சிறுவயதில், யாரும் இல்லாதபோது, அதைச் சொல்லித்தான் விளையாடக் கூப்பிடுவாள்.

அடிமைப்பெண் இன்னொரு படி இறங்கினாள். குழந்தை சிரித்தது.

நாச்சியார் வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை இறுகப் பொத்தியது. குழந்தையின் தகப்பனுடைய கை.