கோணல் பந்துகள்

"யாருய்யா அது, பந்து எறியறவன்? கண்ணு தெரியுதா இல்லையா?"

மெரிட் கத்தினார். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்கு ஆள் பொறுக்குவது அவர் வேலை. கால்பந்து என்று பேர்தான். பாதி வேலை கைக்கு. மிசிசிப்பியில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரிக்கு அவர் வந்ததே டெவான்ட்ரே என்ற ஒருத்தனுக்காக.

டெவான்ட்ரே ஆறடி ஒரு அங்குலம். ஊருக்குள் மலை மாதிரி இருப்பான். தொழில்முறை அணியின் முன்வரிசைத் தடுப்புக்கோ குட்டை. கல்லூரியில் நாலு வருடமும் முன்வரிசையில் மோதியே பழகியவன். இனி பிழைக்க வேண்டுமானால் ஒரு வரிசை பின்னால் நின்று, பின்னோக்கி ஓடி, எதிராளி எறியும் பந்தை மறிக்க வேண்டும். அது வருமா என்று பார்க்கத்தான் இன்றைய சோதனை. வரவில்லையென்றால் அவன் ஆட்டம் இன்றோடு சரி.

பந்து எறிந்தவனோ ஒன்றைக்கூட நேராக எறியவில்லை. ஒன்று நாலு தப்படி தள்ளி வலப்பக்கம். இன்னொன்று தலைக்கு மேல். டெவான்ட்ரே பாய்ந்தான், உருண்டான், எழுந்தான். ஆறில் இரண்டைத் தவறவிட்டான்.

"வேணும்னே பண்றான்," என்றார் பக்கத்தில் நின்ற ஹாலிஸ். அவரும் வேறோர் அணிக்காக டெவான்ட்ரேயைப் பார்க்க வந்தவர்தான். "அவன் பேரு கோல்பி. போன வருஷம் பயிற்சில டெவான்ட்ரே மோதி இவன் தோள் எலும்பு உடைஞ்சுதாம். சீசன் பூரா வெளிய உட்கார்ந்திருக்கான்."

"பழி வாங்கற இடமா இது? சின்னப் புத்தி!" மெரிட்டுக்கு ரத்தம் கொதித்தது. "கோச்! போதும். அந்த ஆளை வெளிய அனுப்புங்க. நீங்களே எறிங்க."

கோச் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெரிட் கேட்கிற நிலையில் இல்லை.

கோல்பி ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

கோச் எறிந்தார். பத்தும் நெஞ்சுக்கு நேராக. பத்தையும் டெவான்ட்ரே பிடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

மெரிட் நோட்டைப் பிரித்தார். 'பிடிக்கிறான்' என்பதற்கு மேல் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

முந்தைய பக்கத்தைத் திருப்பினார். அந்த ஆறு பந்துக்கும் பக்கம் நிறைய எழுதியிருந்தார். இடுப்பை எவ்வளவு வேகமாகத் திருப்புகிறான், எத்தனை தூரம் எட்டுகிறான், விழுந்தால் எப்படி எழுகிறான். புது இடத்துக்கு என்னவெல்லாம் வேண்டுமோ எல்லாம் அங்கேதான் இருந்தது.

கீழே 'அழைக்கலாம்' என்று எழுதிவிட்டு நேரே கோல்பியிடம் போனார்.

"தம்பி, வேணும்னேதான் அப்படி எறிஞ்சியா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"நெஞ்சுக்கு நேரா வந்தா யார் வேணா பிடிப்பாங்க சார். குட்டை குட்டைன்னே அவனை எல்லாரும் ஒதுக்கிட்டாங்க. அவன் எவ்வளவு தூரம் எட்டுவான்னு நீங்க பாக்க வேண்டாமா?"

"உன் தோளை உடைச்சவனாச்சேப்பா?"

"அது ஆட்டம் சார். மூணு மாசம் எனக்கு ஷூ லேஸ் கட்டி விட்டவனும் அவன்தான்."

மெரிட்டுக்குச் சற்றுமுன் கத்தியதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"ஆறும் நீ நினைச்ச இடத்துலதான் விழுந்திருக்கு. அப்படின்னா உன் கை லேசுப்பட்ட கை இல்ல. உனக்கு எப்ப சோதனை? இருந்து பாத்துட்டே போறேன்."

கோல்பி தரையைப் பார்த்துச் சிரித்தான்.

"இதுதான் சார். எறியறது எனக்கு, பிடிக்கறது அவனுக்குன்னு ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் வெச்சிருந்தாங்க. என்னைப் பாக்க வந்தவங்க ஆறாவது பந்தோட காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க."