வளன் கோஷ்டியின் கடைசி உருப்படி

ஆக்னஸ் உள்ளே வந்ததும் சரக்குக் கிட்டங்கியில் இருந்த சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஆறு வருஷமாகக் கூடப்பிறந்த அண்ணன் வளன் முகத்தில் விழிக்காதவள், அவன் நடத்துகிற கச்சேரிக்கே வந்துவிட்டாள். ஊருக்கு இதைவிட வேறு என்ன வேடிக்கை வேண்டும்?

அழைத்து வந்தவன் அவள் கொழுந்தன் இன்னாசி. முன்வரிசையில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான்.

"அவன் கண்ணுக்கு நேரா உக்காருங்க மயினி. உங்க வெள்ளச் சேலையப் பாத்துக் கை நடுங்கட்டும்."

அவள் வலது காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அவளுக்கு இடது காது கேட்காது. கடலில் முங்கி முங்கிச் செவிப்பறை கிழிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிற தெரு அது. அதனால், கடலில் முங்காத அவளுக்குக் காது எப்படிப் போனது என்று யாரும் பெரிதாக விசாரித்ததில்லை.

மேடையில் வளனின் கோஷ்டி அரங்கேறிக்கொண்டிருந்தது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ராகம் தெரியாது. ஒருவன் தகர டின்னுக்குள் நங்கூரச் சங்கிலியை இறக்கினான், ஏற்றினான். இன்னொருவன் தண்ணீர்ப் பானைக்குள் சங்கை அமுக்கி ஊதினான். மூன்றாமவன் உப்பளத்துப் பலகையால் தரையைச் சுரண்டோ சுரண்டு என்று சுரண்டினான். உலகச் சண்டை முடிந்து ஊர் அப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வயிறு வலிக்கச் சிரித்தது.

"ஏலே வளன், அடுத்த பாட்டுக்குக் கழுதயக் கூட்டிட்டு வரவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிக்காதவர்கள் ஆக்னஸும் இன்னாசியும்தான். இன்னாசியின் அண்ணன் சந்தியாகுதான் ஆக்னஸின் புருஷனாக இருந்தவன். கோயில் பாட்டில் முதல் குரல் அவனுடையதாக இருந்தது. தங்கமான மனுஷன் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும்.

சங்கு குளிக்கக் கடலில் முங்குகிறவனின் கயிற்றை, மேலே வள்ளத்தில் மச்சினன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி போவதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான் என்ற நம்பிக்கை. சந்தியாகுவின் கயிறு வளன் கையில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் சந்தியாகு பிணமாக மேலே வந்தான்.

"கயிறு அசையவே இல்ல" என்று வளன் விசாரணையில் சொன்னான். அதற்குமேல் யாராலும் ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வள்ளத்திலும் அவனை ஏற்றவில்லை. ஆக்னஸும் அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

"கடைசி உருப்படி" என்றான் வளன்.

அவன் கையில் ஒரு கயிறு இருந்தது. அது உத்தரத்துக் கப்பி வழியாகப் போய் ஓரத்திலிருந்த பீப்பாய்க்குள் இறங்கியது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பீப்பாய்க்குள் உட்கார்ந்து மூடிக்கொண்டான். கயிற்றின் நடுவில் ஒரு மணி தொங்கியது. மற்ற சத்தமெல்லாம் நின்றது.

மணி ஒருமுறை அடித்தது.

கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் 'தூக்கு' என்று அர்த்தம். அங்கே இருந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வளன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். இழுக்கவில்லை.

மறுபடியும் அடித்தது. கழுதையைச் சொல்லிக் கேலி பேசியவன் இப்போது சிரிக்கவில்லை. மணி விட்டுவிட்டு அடித்தது, பிறகு படபடவென்று அடித்தது. ஒரு முன்னாள் சங்குக் குளியாள் தாங்கமுடியாமல் எழுந்து கத்திவிட்டார்.

"இழுல ஏலே! உசுரு போவுதுல! இழுத்துத் தொலல!"

வளன் அசையவில்லை. மணி தளர்ந்தது. ஒருமுறை அடித்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு இல்லை. செத்தவன் ஈரத்தோடு உள்ளே வந்து தங்கள் நடுவில் நிற்பதுபோல் எல்லாருக்கும் உடம்பு சில்லிட்டது.

இன்னாசி பாய்ந்து எழுந்தான். "அப்ப கயிறு ஆடியிருக்கு! பொய் சொல்லியிருக்கியலே!"

"ஆடுச்சு" என்றான் வளன். "ஆறு வருசமா தூங்குனாலும் முழிச்சாலும் எனக்கு அது மட்டுந்தான் கேக்கு. மத்தவங்களுக்கும் ஒருதரம் கேக்கட்டும்னுதான் இந்தக் கச்சேரி."

"ஏம்ல இழுக்கல?"

வளன் தங்கச்சி இருந்த பக்கமே திரும்பவில்லை. "எனக்கு அவனப் பிடிக்கல. அவ்வளவுதான்."

இன்னாசி இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். நாலு பேர் கட்டிப் பிடித்தும் அவனை நிறுத்த முடியவில்லை. மேடைமேல் கால் வைத்துவிட்டான். வளன் கயிற்றைக் கீழே போட்டான், ஓடவில்லை.

"எங்கண்ணன் இவனுக்கு என்ன தீங்கு செஞ்சான்? சொல்லுங்க மயினி! ஈ எறும்புக்காவது தீங்கு நெனச்சிருப்பானா? உங்க தாலிய எடுத்தவன் இவன். ம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இங்கனயே முடிச்சிருதேன்!"

ஆக்னஸ் எழுந்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அவள் மேடையேறி, கத்திக்கும் அண்ணனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஏளா, பேசாத. வீட்டுக்குப் போ" என்று வளன் பதறினான். ஆறு வருஷத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் கேட்காத இடது காதைத் தொட்டபடி கொழுந்தனை நேராகப் பார்த்தாள்.

"எங்கண்ணன விடு இன்னாசி. அன்னைக்குக் காலைல கயித்த இழுக்காதண்ணேன்னு சொன்னது நாந்தான்."