செல்லக்கண்ணு கூப்பிட்டார்

"யார் கூப்பிட்டதுன்னு சொன்னீங்க?"

இரும்புக் கேட்டைத் திறக்காமலே கேட்டாள் மோகனப்பிரியா.

"செல்லக்கண்ணுன்னு ஒருத்தர் மேடம். காலையில போன் பண்ணினார். வாட்டர் ஹீட்டர் வால்வுக் குழாயை அடைச்சு வச்சிருக்கு, ஆபத்து, உடனே வாங்கன்னார்."

பிளம்பர் மருதப்பன் கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு குவீன்ஸ்டவுனுக்கு ஓடி வந்திருந்தார். வந்த இடத்தில் விசாரணை.

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. கேட்டைத் திறந்து, கூடத்துச் சுவரைக் காட்டினாள்.

மாலை போட்ட படம். அடியில் பெயரும் இரண்டு தேதிகளும்.

"என் வீட்டுக்காரர். போன வருஷமே தவறிட்டார்."

மருதப்பன் படத்தின் அடியிலிருந்த பெயரை மறுபடி படித்தார்: செல்லக்கண்ணு. இருபத்தைந்து வருடத் தொழிலில் பொய் முகவரி கொடுத்து அலையவிட்டவர்கள் எத்தனையோ பேர். செத்தவர் கூப்பிட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

"குரல் எப்படிண்ணே இருந்துச்சு?"

"வயசான குரல்தான். மூச்சு வாங்கி, மூச்சு வாங்கிப் பேசினார்."

"கடைசி மாசம் அவரும் அப்படித்தான் பேசினார்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"குழாயை அடைச்சது வீட்ல யார் யாருக்குத் தெரியும்?"

"வீட்ல யாரு இருக்கா? நான் ஒருத்திதான்."

குளியலறையில் ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. மருதப்பன் கையை வைத்தவர், சுட்டதும் இழுத்துக்கொண்டார்.

"எப்ப போட்டீங்க?"

"காலையில. அணைக்க மறந்துட்டேன்."

முதல் வேலையாகச் சுவிட்சை அணைத்தார். பிறகு சுடுநீர்க் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஆவியும் தண்ணீருமாகச் சீறியது. சீற்றம் முழுதும் அடங்கிய பிறகுதான் வால்வின் கீழே தொங்கிய சின்னக் குழாயைத் தொட்டார். அதன் வாயில் மரக்கட்டையைச் செருகி, மேலே டேப்பைப் பட்டையாகச் சுற்றியிருந்தது.

போனில் அந்தக் குரல் சொன்னது அப்படியே இருந்தது.

"எதுக்கு மேடம் இதை அடைச்சீங்க?"

"எல்லாம் கீழ்வீட்டு ரத்னவேலாலதான். சொட்டுச் சத்தத்துல தூக்கம் வரலையாம். மூணு தடவை வந்து கத்திட்டுப் போனார். கசிவு இருந்தா மேல்வீட்டுக்காரங்கதான் சரி பண்ணணும்னு புளோக் கீழே ஒட்டியிருக்கற நோட்டீஸ்லயே போட்டிருக்கு. அதான் அடைச்சேன்."

அந்தப் பழைய அடுக்குமாடி புளோக்கில் மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில்தான் ஓடும். மேலே ஒரு சொட்டு விழுந்தால் கீழே யாரோ தட்டுவதுபோலக் கேட்கும்.

"நோட்டீஸ் சொல்ற கசிவு வேற. இது கசிவே இல்ல. தண்ணி சூடானா விரியும், வெளியே போக வழி வேணும். இந்தக் குழாயோட வாயை எதை வச்சும் மூடக் கூடாது, சொட்டறது கண்ணுக்குத் தெரியணும். விதியே அதுதான். போதாக்குறைக்கு, தானா அணையவேண்டிய ஹீட்டர் அணையல, தெர்மோஸ்டாட்டும் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா தொட்டியே வெடிச்சிருக்கும்."

அவள் கூடத்துக்கு ஓடினாள். படத்தின் முன்னால் விழுந்து அழும் சத்தம் கேட்டது.

"செத்தும் என்னைக் காப்பாத்துறீங்களே! உயிரோட இருக்கற அந்த ஆள் என்னைக் கொல்லப் பார்த்தாரே!"

மருதப்பனுக்கும் அந்த ரத்னவேல்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு சொட்டுச் சத்தம் பொறுக்காத மனுஷனால் ஒரு உயிர் போயிருக்குமே!

ஆனாலும் மனம் கேட்கவில்லை. போனை எடுத்து, காலையில் வந்த எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது. காலுக்கு அடியில், தரைக்குள்ளிருந்து.

கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. நிறுத்தினார். தரையும் அடங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடி அடித்தது.

மூன்றாம் முறை அழுத்தியபோதுதான் அவருக்கு உறைத்தது. "இருங்க மேடம், இப்ப வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கீழ்வீட்டுக் கதவைத் திறந்தவர் கையில் போன் இருந்தது. எழுபது வயதிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அடைப்பை எடுத்துட்டீங்களா தம்பி?"

"எடுத்துட்டேன். நீங்கதானா அது?"

"செம்பவாங் கப்பல் யார்ட்ல முப்பது வருஷம் பாய்லர் வேலை பார்த்தவன் நான். ஏதோ பைப் ஒழுகுதுன்னு நினைச்சுத்தான் சத்தம் போட்டேன். நேத்து அந்தப் பொண்ணு படியில நின்னு, 'ஹீட்டர் குழாயையே அடைச்சுட்டேன், போதுமா?'ன்னு கத்துச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. ரெண்டு தடவை சொல்லப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்குது. என் பேரைச் சொன்னா உங்களையும் விடாது. அதான் அதோட வீட்டுக்காரர் பேரைச் சொன்னேன்."

மேலேயிருந்து அழுகையும் வசவும் கலந்து கேட்டுக்கொண்டிருந்தது. மருதப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"உங்களைத்தாண்ணே திட்டறாங்க. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

ரத்னவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் லா. நான் சொன்னதுக்காக அடைச்ச பொண்ணு அது. அவர் சொன்னார்னு நம்பினாத்தான் மறுபடி அடைக்காது."