வீட்டுத் தரையின் கீழே

"ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளம் வந்து வீட்டைக் கரைத்திருக்கிறது. ஏன் அவர்கள் வேறு இடத்துக்குப் போகவில்லை?"

வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து அன்னா டெனிஷ் மொழியில் கேட்டாள்.

நிறோஷினி திரையைத் திரும்பிப் பார்த்தாள். யூப்பிரட்டீஸ் ஆற்றங்கரையில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஊர் ஒன்று. மண் வீடுகளின் அடித்தளங்கள் மட்டும் மிச்சம். இப்படியான ஊர்கள்தான் பிறகு உலகின் முதல் நகரங்களாயின.

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் பதினொரு வருடமாக வரலாறு படிப்பிக்கிறாள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். வெள்ளம் விட்டுப்போன வண்டல், அதில் விளைந்த பார்லி, வாய்க்கால் வெட்டக் கூடிய சனம்.

சொன்னாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த படம் வந்தது. ஒரு வீட்டின் தரையைத் தோண்டியபோது கிடைத்த மண்பானை. உள்ளே கைக்குழந்தையின் எலும்புகள்.

"இறந்த குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். அதன் மேலேதான் சமைத்தார்கள், படுத்தார்கள்" என்றாள்.

அடுத்த படத்துக்குப் போகாமல் திரையை அணைத்தாள்.

அதுதான் அவளுடைய கடைசிப் பாடம். மறுநாள் சனிக்கிழமை, ரொறொன்ரோவுக்கு விமானம். கணவன் ஜெரோசனின் அண்ணன்மார் அங்கே இருந்தார்கள். அங்கேயே குடியேறுவதென்று முடிவெடுத்தவன் அவன்தான். இரண்டு வருடம் மறுத்துவிட்டு, கடைசியில் அவளும் ஓம் என்றிருந்தாள்.

பாடசாலை வாசலில் ஜெரோசன் காருடன் நின்றான்.

"பிள்ளையிட்ட ஒருக்காப் போயிட்டு வருவம். இனி எப்ப கிடைக்குமோ" என்றாள்.

அவன் காரைத் திருப்பினான்.

ஒரே மகள். பத்தொன்பது நாள் இருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன், அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை ஜெரோசன்தான் இரண்டு கையிலும் ஏந்திப் போனான்.

அதன் பிறகு அவன் கல்லறைப் பக்கம் வரவேயில்லை. ஞாயிறு பூசை முடிந்து அவள் தனியாக பஸ் எடுத்துப் போவாள். கூப்பிட்டால், "என்னால ஏலாது" என்பான். பிள்ளையை மறந்துவிட்டான் என்று நினைத்தாள். அதை அவள் மன்னிக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. இலை கூட்டிக்கொண்டிருந்த டெனிஷ்காரக் கிழவர் நிமிர்ந்தார். நிறோஷினிக்கு அவரைத் தெரியாது. ஞாயிறுகளில் அங்கே வேலையாட்கள் இருப்பதில்லை.

அவர் நேராக ஜெரோசனிடம் வந்து கையைப் பிடித்தார்.

"இன்றைக்குப் பிந்திவிட்டாய், ஜெரோசன். இனி வெள்ளிக்கிழமைகளில் உன் மகளின் கல்லருகே நான் தனியாகத்தான் கோப்பி குடிக்க வேண்டும்."

ஜெரோசன் தலையைக் குனிந்துகொண்டான்.

நிறோஷினி குடையை அவன் பக்கமாகச் சரித்தாள். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சேர்ந்து அந்தக் கல்லடிக்கு நடந்தார்கள்.