பச்சைப் படிவம்

"என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். சோம்பேறித்தனம். அவ்வளவுதான்!"

சிட்டுவின் அம்மா நாற்காலியில் சாய்ந்துகூட உட்காரவில்லை. வேலையிலிருந்து நேராக வந்தவள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எதிரே நாலாம் வகுப்பு டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எத்தனையோ பெற்றோரிடம் தைரியமாகப் பேசியவளுக்கு இன்றைக்கென்று உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. பாவம்.

இருவருக்கும் நடுவில் மேஜைமேல் ஒரு பச்சைப் படிவம் கிடந்தது.

"ஒரு கையெழுத்து போடுங்க மேடம். நாலு மணிக்குப் பரிசோதனைப் பட்டியல் போயிடும். எழுத்தைப் படிக்கிறதுலதான் சிக்கல்னு உறுதியாச்சுன்னா, முழுப்பரீட்சையில சிட்டுவுக்குக் கேள்வியை ஒருத்தர் படிச்சுக் காட்டுவாங்க. கூட ஒரு மணி நேரமும் கிடைக்கும். இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"மறுபடியும் நாலாம் வகுப்புதான்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபது.

"பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நான் உட்கார வச்சுப் படிக்க வைக்கிறேன்."

"இப்பவும் நீங்கதானே படிக்க வைக்கிறீங்க? தினமும் மூணு மணி நேரம்னு சிட்டு சொன்னா."

"அதையும் சொல்லிட்டாளா? வாய் மட்டும் நல்லா நீளும்!"

டீச்சர் சிட்டுவின் நோட்டை விரித்து வைத்தாள். "இதைப் பாருங்க. ஒரே பக்கத்துல 'தேன்'னு நாலு தடவை எழுதியிருக்கா. நாலும் நாலு விதம். கொம்பு ஒரு தடவை எழுத்துக்கு முன்னாடி நிக்குது, ஒரு தடவை பின்னாடி."

"அவசரம்."

"கரும்பலகையைப் பார்த்து எழுதினா நடுவுல ரெண்டு வரி காணாமப் போயிடுது."

"கண்ணு சரியில்ல."

"கண் டாக்டர் பார்வை நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாரே மேடம்."

"அப்போ தூக்கம் பத்தலை. படுக்கவே மாட்டேங்கிறா."

சாக்குக்கா பஞ்சம்? டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதே பாடத்தை வாயால கேட்டா கடகடன்னு சொல்றா மேடம். அன்னிக்கு எறும்பு பாடம் நடத்தினேன். ராணி எறும்பு செத்துட்டா மத்ததெல்லாம் யார் பேச்சைக் கேட்கும்னு கேட்டா. நான் திருதிருன்னு முழிச்சேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா? புத்தி இருக்கு. அதனாலதான் சோம்பேறித்தனம்னு சொல்றேன்."

டீச்சர் இழுப்பறையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் மடங்கிக் கிடந்தது. "பயிற்சி வகுப்புல எழுதிக்கிட்டது மேடம். 'நல்ல புத்திசாலிப் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் வரும். அடிச்சாலும் திட்டினாலும் போகாது. சொல்லிக் கொடுக்கிற வழியை மாத்தணும்...'"

"பயிற்சியில சொல்றது வேற, வீட்டுல வச்சுப் பார்க்கிறது வேற!" அம்மாவின் குரல் உயர்ந்தது. பக்கத்து வகுப்பின் சத்தம்கூட ஒரு நிமிஷம் நின்றது. "அந்தப் பரிசோதனை அறை வாசல்ல என் பொண்ணும் வரிசையில உட்காரணுமா? ஊர் என்ன பேசும்? என்னால முடியாது."

டீச்சர் கொஞ்சம் தயங்கி, பக்கத்தைத் திருப்பினாள்.

"கடைசியா ஒண்ணு எழுதியிருக்கேன். 'ஒண்ணும் இல்லைன்னு சத்தம் போடுற பெத்தவங்கமேல கோபப்படாதீங்க. அவங்க உள்ளுக்குள்ள நடுங்கிட்டு இருக்காங்க.'"

"போதும். அதை மூடுங்க."

டீச்சர் மூடினாள். ஆனால் அவள் பேச்சு நிற்கவில்லை.

"நேத்து சிட்டு என்கிட்ட ஒண்ணு கேட்டா. உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு காலையிலேருந்து எனக்கு மனசே சரியில்ல."

"என்ன கேட்டா?"

"'எங்கம்மா மத்த பிள்ளைங்ககிட்ட ஒரு தடவைகூடக் கத்தினதில்ல டீச்சர். என்னைப் பார்த்தாத்தான் கத்துறாங்க. நான் அவ்வளவு மக்கா?'ன்னு கேட்டா மேடம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே படிக்கட்டில் சிட்டு ஒரு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். விரலை வரியில் வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு சடையும் முன்னால் விழுந்து பக்கத்தை மறைத்தன. யாரும் படிக்கச் சொல்லவில்லை, அவளாகத்தான் படிக்கிறாள். தற்செயலாக நிமிர்ந்தவள், ஜன்னலில் அம்மாவைப் பார்த்ததும் வெடுக்கென்று புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

சோம்பேறியாம், சோம்பேறி! அம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பேனா குடுங்க டீச்சர்."

டீச்சர் அவசர அவசரமாகப் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

'பெற்றோர்' என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனா கீழே இறங்கியது. அங்கே 'பரிசோதிப்பவர்' என்ற இடத்தில், எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை தாமதமாகக் கூடாதென்று வருஷ ஆரம்பத்திலேயே கட்டுக்கட்டாகப் படிவங்களில் போட்டு அனுப்பியிருந்த தன்னுடைய கையெழுத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"நான் பயிற்சி வகுப்பெடுக்கிறப்ப கடைசி வரிசையில நீங்க தூங்குறீங்கன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை விடாம எழுதியிருக்கீங்களே!" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இந்தப் பிள்ளையை மட்டும் வேற யாராவது பரிசோதிக்கட்டும் டீச்சர். நான் மத்த அம்மாக்களோட வெளியில வரிசையில உட்கார்ந்திருக்கேன்."